மலைச் சிறுவரின் வாய்ச்சொல்

நாமக்கல் ஜில்லாவைச் சேர்ந்த கொல்லிமலையின்மீது 14 நாடுகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று தேவனூர் நாடு. நாடு என்ற பெயரைக் கேட்டுப் பெரியதோர் இராஜ்யத்தை நேயர்கள் நினைத்துக்கொள்ள வேண்டுவதில்லை. சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள் சில சேர்ந்த பஞ்சாயத்துக்கே அம்மலையில் நாடு என்று பெயர். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால், வல்வில் ஓரி ஆண்டதாகப் புலவர் பாடிய அந்த மலைப் பரப்பில் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் ஏறக்குறைய 40,000 பேர் மிளகும் காப்பியும் மரவள்ளியும் பயிரிட்டு வாழ்கின்றனர். அவர்களுடைய குழந்தைகளைப் பற்றியே இன்று எழுதத் துணிகின்றோம்.

தேவனூர் நாட்டில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் வீட்டிலிருந்து நடந்து சென்று படிப்பதா, உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிப்பதா? தாயும் தகப்பனும் கூலி தேடிக் கேரளத்துத் தோட்டங்களுக்கும் கர்நாடகத்துத் தோட்டங்களுக்கும் புறப்படும்போது அவர்களோடு போவதா, பாட்டியிடம் இருப்பதா? எட்டாம் வகுப்புக்கு மேல் மலையிலேயே வேறொரு நாட்டுப் பள்ளிக்குச் செல்வதா, சேந்தமங்கலம், இராசிபுரம் முதலிய கீழூர்களுக்கு இறங்குவதா? அவன் அக்காளை மேலே படிக்கவைப்பதா, மணம் முடித்து அனுப்பிவிடுவதா? இத்தனை கேள்விகளுக்கும் விடை சொல்லுவோர் பலர். தகப்பன் சொல்லுகிறான், தாய்மாமன் சொல்லுகிறான், தலைமையாசிரியர், விடுதிக் காப்பாளர், தாசில்தார், சென்னையிலுள்ள இலாகா ஆகிய எல்லாரும் சொல்லுகின்றனர். யாரைப் பற்றிய முடிவோ அவனை மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இது பெரிய அநியாயம் என்பது நம் அபிப்பிராயம். சிறுவரைத் தீர்ப்புக் கூறும் ஆசனத்தில் ஏற்ற வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அவர்களைப் பற்றிய முடிவு எதுவும் அவர்கள் சொல்வதைக் கேட்காமல் செய்யப்படலாகாது என்பதும், அவர்கள் சொன்னதற்கு விடை கூறும் கடமை பெரியோருக்கு உண்டு என்பதுமே நாம் சொல்ல வந்தது. இதைச் சொன்னவுடனே, 'மேனாட்டு நூதனங்களில் இதுவும் ஒன்று' என்று கைவிரிப்பார் நம்மில் பலர். அப்படிச் சொல்வோர் நமது நியாயஸ்தலங்களின் வாயிலை மிதித்தறியாதவர்.

1890-ஆம் வருஷத்திய காப்பாளர், காப்புக்குரியோர் சட்டத்தின் 17-வது பிரிவைப் பாருங்கள். மைனர் ஒருவனை யார் பொறுப்பில் விடுவது என்று கோர்ட்டார் நிச்சயிக்கும்போது, விவரமறிந்து விருப்பம் சொல்லத்தக்க வயது அவனுக்கு வந்திருக்குமாயின் அவ்விருப்பத்தையும் கோர்ட்டார் கவனிக்கலாம் என்று அது சொல்லுகிறது. அந்நியர் ஆட்சியில் எழுதப்பட்ட சட்டம் அது. இன்றும் அமலில் இருக்கிறது. சாக்ஷியச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1872-ஆம் வருஷத்துச் சட்டத்திலும், அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும், கேட்ட கேள்வியை விளங்கிக்கொண்டு தக்க விடை கூறவல்ல எவரும் சாக்ஷி சொல்லலாம். குழந்தை என்ற காரணத்தால் மட்டும் தள்ளப்படுவதில்லை. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சத்தியப் பிரமாணம் இன்னதென்று விளங்காவிட்டாலும், உண்மை சொல்லவேண்டுமென்ற அறிவு இருந்தால் போதும், பிரமாணமின்றியே அதன் வாக்குமூலத்தை வாங்கலாமென்று 1969-ஆம் வருஷத்துப் பிரமாணச் சட்டம் இடங்கொடுக்கிறது. ஏழெட்டு வயதுக் குழந்தை கூண்டிலேறிச் சொன்ன நான்கு வார்த்தைகளால் ஒருவனுடைய ஆயுளே மாறிப்போவதை வக்கீல் தொழில் செய்வோர் அறிவர். கொலை வழக்கிலே நம்பத்தக்க அந்த வாய், தான் உண்ணும் சோற்றைப் பற்றியும் தான் படுக்கும் அறையைப் பற்றியும் பேசத் தகாத வாயாகிவிடுமோ?

1989-ஆம் வருஷம் நவம்பர் 20-ந் தேதி ஐக்கிய நாடுகளின் சபை குழந்தைகளின் உரிமைகளைப் பற்றிய உடன்படிக்கையை ஏற்றது. தன் அபிப்பிராயத்தை உருவாக்கிக்கொள்ள வல்ல குழந்தை, தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் அதைத் தடையின்றிச் சொல்ல உரிமையுடையது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு அதற்கு அளிக்கப்பட வேண்டும் என்பது அதன் 12-வது விதி. கோர்ட்டு நடவடிக்கைகளில் மட்டுமன்றி, சர்க்கார் அலுவலர் நடத்தும் நடவடிக்கைகளிலும் குழந்தை சொல்வது கேட்கப்பட வேண்டுமென்று அவ்விதியே விளங்கக் கூறுகிறது. 1992 டிசம்பரில் இந்தியா இதற்கு உடன்பட்டது. 2015-ஆம் வருஷத்து இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 3-வது பிரிவிலும் இந்தத் தத்துவம் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே, கொள்கையளவில் வாதம் முடிந்துவிட்டது. அனுஷ்டானம்தான் மலையேறவில்லை.

உண்டு உறைவிடப் பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். பழங்குடியினர் நல இலாகா நடத்தும் இப்பள்ளிகள் மலைக் குழந்தைகளுக்குப் பேருபகாரம் செய்திருக்கின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. அவை இல்லாதிருந்தால் மலைமேல் எழுத்தறிந்தோர் எத்தனை பேர் இருந்திருப்பர்? எனினும் சாதாரணப் பள்ளிக்கும் இதற்கும் ஒரு பேதம் உண்டு. கீழூர்ப் பள்ளியில் படிக்கும் பையன் மாலை நான்கு மணிக்கு வீடு திரும்புகிறான். ஆசிரியர் அடித்தாலோ சோறு வேகாமல் இருந்தாலோ அன்றிரவே தாய்க்குத் தெரிந்துவிடும். உறைவிடப் பள்ளிச் சிறுமிக்கு அந்த வழியில்லை. அவள் அங்கேயே உண்ணுகிறாள், அங்கேயே உறங்குகிறாள், பல இடங்களில் பகலில் பாடம் கேட்ட அறையே இரவில் படுக்கும் அறை. குளிக்குமிடத்துக்குக் கதவு இருக்கிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவில் காய்ச்சல் கண்டால் எழுப்புவதற்கு யார் இருக்கிறார், மாதவிலக்கு நாட்களில் தண்ணீர் எங்கிருந்து கொண்டுவர வேண்டியிருக்கிறது என்பனவற்றை அறிந்தவள் அவள் ஒருத்தியே. பெற்றோருக்குத் தெரியாது. காப்பாளருக்குத் தெரிந்தாலும் அவர் எழுதமாட்டார். மேலதிகாரிக்கோ, தாம் வரும் செய்தி முன்னாலேயே தெரிந்து கூட்டிப் பெருக்கிவைத்த கட்டடம் மட்டுமே தெரியும்.

இந்தப் பள்ளிகளைக் கண்காணிக்க நாம் யாரை நியமித்திருக்கிறோம்? 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 21-வது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு என ஒன்றை ஏற்படுத்திற்று. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். பிள்ளை தினந்தோறும் வீடு திரும்பும் ஊரில் பெற்றோர் பிள்ளைக்காகப் பேசலாம். பல மைல்களுக்கப்பால் மலையின் மறுபுறத்தில் இருப்பவரும், பாதி வருஷம் வேறு ராஜ்யத்தில் காப்பிக்கொட்டை பறிப்பவருமான பெற்றோர், தாம் காணாத விடுதியைப் பற்றி எதைப் பேசுவர்? தம்மை அழைத்தவர் நீட்டும் இடத்தில் கையெழுத்திட்டுத் திரும்புவர். இதற்கு அவர்களைக் குறைகூறுவது நியாயமாகாது.

இவ்விடத்தில் சட்ட விதியொன்றை நேயர்களுக்குச் சுட்டிக்காட்ட வேண்டும். மத்திய சர்க்கார் 2010-இல் வகுத்த மாதிரி விதிகளில், குழுவின் எஞ்சிய கால்பங்கில் மூன்றிலொரு பகுதியினர் உள்ளூர்க் கல்வியாளராகவோ அப்பள்ளிக் குழந்தைகளாகவோ இருக்கலாம் என்றும், இன்னாரென்பதைப் பெற்றோர் நிச்சயிப்பர் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. கல்வியாளர் என்ற சொல்லுக்கும் குழந்தைகள் என்ற சொல்லுக்கும் நடுவே ஒரு சாய்ந்த கோடு; அவ்வளவுதான். கல்வியாளர் கிடைக்குமிடத்தில் குழந்தையை எவர் நினைப்பார்? தேசம் முழுவதிலும் குழந்தைகளுக்குத் திறந்துவைத்த கதவு அந்தச் சாய்ந்த கோட்டின் அகலமே உடையது. உறைவிடப் பள்ளிகளைப் பொறுத்தமட்டிலாவது அக்கோட்டை அழித்துவிட்டு, 'கல்வியாளரும் குழந்தைகளும்' என்று எழுதுவதற்குத் தமிழ்நாட்டுச் சர்க்காரை எவர் தடுக்கிறார்?

சோற்று விஷயத்தையும் சற்றுக் கவனிப்போம். சென்ற ஐம்பது வருஷங்களில் கொல்லிமலையில் நேர்ந்த பெரிய மாறுதல், சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் மரவள்ளி ஏறியதே. கீழே சேலம், நாமக்கல் பக்கங்களிலுள்ள ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கிக்கொண்டன. கையில் காசு வந்தது. ரேஷன் அரிசியும் வந்தது. சாமைச் சோறு அடுப்பைவிட்டு இறங்கிற்று. மறைந்துவரும் சிறுதானியங்களை மீட்பதற்காக எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் பல வருஷங்களாக அங்கே உழைத்து வருகின்றனர். அவர்கள் செய்வது புண்ணியம். ஆனால், வளரும் பிள்ளையின் தட்டில் இன்னது விழவேண்டுமென்பதை ஆலை முதலாளியும் ரேஷன் இலாகாவும் நிச்சயித்துவிட்ட பிறகே நாம் அனைவரும் சிறுதானியத்தின் பெருமையைப் பேசத் தொடங்கினோம் என்பதும் மெய். விடுதியில் வாரத்துக்கு எத்தனை நாள் சாமை சமைக்கலாம் என்று விடுதிப் பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்தால் என்ன கெட்டுப்போகும்? வேண்டாமென்று அவர்கள் சொல்லவும் கூடும். சொன்னால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும். அக்காரணத்தைத் தெரிந்துகொள்வதே லாபம்.

பள்ளிக்கூட விடுமுறையும் இப்படியே. கோடை விடுமுறை மே மாதத்தில் வருகிறது. மலையில் மிளகு பறிக்கும் காலமோ பரீட்சைக்கு முந்திய மாதங்கள். வீட்டில் ஆளில்லாதபோது பையன் ஏணி தூக்கப் போகிறான். வருகைப் பதிவேட்டில் அவனுக்குச் சுழி விழுகிறது. பிறகு, 'இடைநின்றவர்' என்ற தலைப்பில் அவன் பெயர் சேருகிறது. எந்த வாரத்தில் பள்ளிக்கு வரமுடியாது என்பதை அவனைக் கேட்டிருந்தால் அவனே சொல்லியிருப்பான்.

கிராம சபைக்கு வருவோம். 73-வது அரசியலமைப்புத் திருத்தமும் 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபைக்கு உயிர் கொடுத்தன. வாக்காளர் ஜாபிதாவில் பெயருள்ளவர் அனைவரும் அதன் அங்கத்தினர். குடியரசு நாள், உலக நீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி, நவம்பர் முதல் நாள் என வருஷத்தில் ஆறு தடவை அது கூடவேண்டுமென்பது 2022 முதலான ஏற்பாடு. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்திலும் கிராம சபை என்றால் வயதுவந்தோர் சபையே. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படாததால், பழங்குடிப் பிரதேசங்களில் கிராம சபைக்கு விசேஷ அதிகாரம் தரும் 1996-ஆம் வருஷத்துச் சட்டம் கொல்லிமலைக்கு எட்டவில்லை. ஆக, பெரியோர்க்கே அங்கே முழு உரிமையில்லை; சிறியோர்க்கு அறவே இல்லை. ஊர்க்கவுண்டரும் பட்டக்காரரும் கூடிப் பேசும் பழைய நாட்டுக்கூட்டத்திலும் இளையோர் பெரும்பாலும் ஓரத்தில் நின்று கேட்பவரே.

கேட்கப்படாமல் ஆளப்படுவது எப்படியிருக்கும் என்பதை மலையிலுள்ள பெரியோர் அறியாதவரல்லர். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த பஞ்சாயத்துகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தேர்தலின்றியே தனி அலுவலர் கையில் நிர்வாகம் போனபோது, 'எங்களைக் கேட்டார்களா?' என்ற கேள்வி நியாயமானதாகவே இருந்தது. அதே கேள்வியை வீட்டிலுள்ள பதினாலு வயதுப் பெண் கேட்டால் அதைத் துடுக்கு என்கிறோம்.

தமிழ்நாட்டின் கல்விச் சரித்திரத்தையே திரும்பிப் பாருங்கள். 1953-இல் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் கொண்டுவந்த திருத்தியமைத்த ஆரம்பக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வித் திட்டமென்று எதிர்த்தவரும், கைத்தொழில் கல்வியென்று ஆதரித்தவரும் சட்டசபையிலும் வீதியிலும் ஓயாமல் வாதாடினர். 1954-இல் ஸ்ரீ காமராஜர் பதவியேற்ற பிறகு அது கைவிடப்பட்டது. அரைநாள் பள்ளியும் அரைநாள் தகப்பன் தொழிலுமாக இருக்கவேண்டியிருந்த பிள்ளைகளுடைய வாக்குமூலம் அவ்வளவு பெரிய வாதத்தில் எங்காவது பதிவாயிற்றா? 2019 செப்டம்பரில் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை என்று உத்தரவிட்டார்கள். எதிர்ப்பு வலுத்ததும் 2020 பிப்ரவரியில் வாபஸ் வாங்கினார்கள். இட்டபோதும் எடுத்தபோதும் பத்து வயதுப் பிள்ளைகளை எவரும் கலந்துகொள்ளவில்லை.

தேவைப்படும்போது மட்டும் நமக்கு இளையோர் பெரியோராகிவிடுகின்றனர். 1920-இல் பள்ளிகளைவிட்டு வெளியே வாருங்கள் என்று தேசம் மாணவரை அழைத்தது. 1930-இல் கொடி பிடிக்கவும் செய்தி கொண்டுசெல்லவும் வானர சேனை வேண்டியிருந்தது. அப்போது பன்னிரண்டு வயதான இந்திரா அலகாபாத்தில் அதைத் திரட்டினார். 1965-இல் தமிழ்நாட்டுத் தெருக்களில் தடியடிபட்டவர் மாணவர். 2017 ஜனவரியில் மெரீனாக் கடற்கரையை நிறைத்தவரும் இளைஞரே. அதன்பின் அவசரச் சட்டம் பிறந்தது. நடக்க வேண்டிய தூரம் நடந்தானதும், 'வீட்டுக்குப் போய்ப் பாடம் படி' என்று சொல்லிவிடுகிறோம். காலை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு வாயை அடைத்துவைப்பது எந்த நியாயம்?

ஆக்ஷேபங்களுக்கு வருவோம். குழந்தைக்கு நன்மை தீமை தெரியாது. கேட்டால் மிட்டாயும் விளையாட்டுமே கேட்கும் என்பது முதலாவது. விளையாடுமிடம் கேட்பது அத்தனை பெரிய குற்றமா என்பது கிடக்கட்டும். கரிகாற் சோழன் இளையவனென்று கண்டு, தம் வழக்கைத் தீர்க்க இவனால் ஆகுமோ என ஐயுற்றனர் இரு முதியோர். அவன் நரைமுடி தரித்து வந்து தீர்ப்புச் சொன்னான் என்பது நம்மவர் வழிவழியாகச் சொல்லிவருவது. அறிவு மயிரின் நிறத்தில் இல்லையென்பதற்கு அக்கதையைச் சொல்லுகிறோம். நரைமுடி இல்லாமல் அவன் வந்திருந்தால் அம்முதியோர் கேட்டிருப்பரோ என்று எவரும் கேட்பதில்லை.

இரண்டாவது ஆக்ஷேபம் கனமானது. பிள்ளை கேட்டபடியெல்லாம் செய்துவிட முடியுமா? பதினாறு வயதுப் பெண் தானே மனமொப்பி ஒருவனோடு போய்விடுகிறாள். அதுவும் அவள் விருப்பந்தானே, அதை ஏற்பீரா என்று கேட்பர். ஏற்கமாட்டோம். 2006-ஆம் வருஷத்துச் சட்டம் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று வயதை வரையறுத்திருக்கிறது, அது தளரலாகாது. கேட்பது வேறு, கேட்டபடி நடப்பது வேறு. ஆனால் அப்பெண் அந்த நிலைக்கு வருமுன், படிப்பு ஏன் கசந்தது, வீட்டில் என்ன ஏற்பாடு நடந்தது, யாருக்கு அஞ்சினாள் என்று ஒருவராவது கேட்டிருந்தால் ஓடிப்போயிருப்பாளா? சட்டத்தின் வேடிக்கையையும் பாருங்கள். இளவயதில் மணம் முடிக்கப்பட்டவர் பிற்காலத்தில் மனுச் செய்து அம்மணத்தை ரத்துச் செய்துகொள்ளலாம். வயது வந்து இரண்டு வருஷத்துக்குள் செய்ய வேண்டும். அதாவது தாலி ஏறிய பின்பே அவள் அபிப்பிராயத்துக்கு இடம். பம்பாயில் பதினோரு வயதில் மணம் செய்விக்கப்பட்ட ருக்மாபாய், அறியாப் பருவத்தில் தன் சம்மதமின்றி நடந்த அம்மணத்துக்குக் கட்டுப்படேனென்று மறுத்தபோது, கணவனிடம் போகாவிட்டால் சிறையென்று 1887-இல் கோர்ட்டார் உத்தரவிட்டனர். சிறைக்குப் போகவும் சித்தமென்றார் அவர், பின்னர் டாக்டரானார். சிறையையும் ஏற்கத் துணிந்த பிறகே ஒரு பெண்ணின் மறுப்பு அக்காலத்தார் காதில் விழுந்தது.

வேறிடங்களில் இது நடந்துகொண்டிருக்கிறது. ராஜஸ்தானத்துத் திலோனியாவில், பகலெல்லாம் ஆடுமாடு மேய்க்கும் பிள்ளைகள் இராப்பள்ளியில் படிக்கின்றனர். அவர்களே வாக்களித்துத் தேர்ந்த சிறுவர் பார்லிமெண்டு தங்கள் பள்ளிகளைக் கண்காணித்து வந்தது. மேய்ச்சல் பிள்ளைகளால் முடிந்தது மிளகு பறிக்கும் பிள்ளைகளால் முடியாதா? பக்கத்துக் கர்நாடகத்தில் பஞ்சாயத்துகள் சிறுவருக்கென்றே கிராம சபை கூட்டுகின்றன. நார்வே தேசத்தில் ஏழு வயதான குழந்தையை அதன் சொந்த விஷயங்களில் கேட்டே தீரவேண்டுமென்றும், பன்னிரண்டு வயதானால் அதன் சொல்லுக்கு மிகுந்த கனம் தரவேண்டுமென்றும் சட்டம் இருக்கிறது. அங்கெல்லாம் வீடுகள் குட்டிச்சுவராகிவிட்டதாக நாம் கேள்விப்படவில்லை.

நாமக்கல் ஜில்லா கலெக்டருக்கு நமது யோசனை இது. ஒவ்வொரு கிராம சபைக்கும் ஒரு வாரம் முன்னதாக, 14 நாடுகளிலும் சிறுவர் சபை கூட்டப்படட்டும். முதலில் தேவனூர் நாட்டில் தொடங்கிப் பார்க்கலாம். பெண் குழந்தைகள் தனியே பேசவும் இடம் இருக்கட்டும். பள்ளிக்கு வராத பிள்ளைகளையும் அழைக்க வேண்டும். அவர்கள் சொல்வதே முக்கியமாயிருக்கும். சொன்னவை ஓர் ஏட்டில் எழுதப்பட்டு, கிராம சபையின் முதல் விஷயமாக வாசிக்கப்படட்டும். செய்யக்கூடியதற்குத் தேதியும், செய்யக்கூடாததற்குக் காரணமும் அடுத்த சபையில் சிறுவர்க்கு நேரே சொல்லப்படட்டும். விடுதிகளைப் பார்வையிடப் போகும் எந்த அதிகாரியும், காப்பாளரும் ஆசிரியரும் எட்டப் போன பிறகு, பிள்ளைகளோடு அரைமணி நேரம் தரையில் உட்கார்ந்து பேசாமல் அறிக்கை எழுதலாகாது. ஒரு பள்ளியை மூடவோ வேறொன்றோடு சேர்க்கவோ நினைத்தால், அதில் படிக்கும் பிள்ளைகள் சொன்னது அந்தக் காகிதக் கட்டில் இருந்தாலன்றி உத்தரவு பிறக்கலாகாது. தன்னைப் பற்றி முறையிட்ட பிள்ளையை எவரேனும் துன்புறுத்தினால், அவரை அன்றே மாற்ற வேண்டும். இந்த ஒன்றில் தாட்சண்யம் காட்டினால் மற்றவை யாவும் வீண்.

இவற்றிற்குச் சட்டசபை கூடவேண்டுவதில்லை. பணமும் பெரிதாக வேண்டுவதில்லை. வாக்குரிமையில்லாதவர் சொன்னதைக் கிராம சபையில் வாசிக்கலாகாதென்று எந்தச் சட்டத்திலும் நாம் காணவில்லை. கலெக்டரின் ஓர் உத்தரவும், நாடு ஒன்றுக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். வருகிற சுதந்திர நாள் கிராம சபைக்கு முன் தேவனூர் நாட்டுப் பிள்ளைகள் கூட்டப்பட்டார்களா, அந்நோட்டுப் புத்தகத்தில் என்ன எழுதப்பட்டது என்பதை இப்பத்திரிகை விசாரித்து நேயர்களுக்குத் தெரிவிக்கும்.